கலோரிக்குக் கிடங்கு உண்டு, புரதத்துக்கு இல்லை

போன நவராத்திரிக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மே மாதம் அவளுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தே மாதத்தில் 112 கிலோ 85 ஆகியிருந்தது. கொலுவுக்கு வந்தவங்க எல்லாரும் "ஆளே அடையாளம் தெரியலையே" என்று சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். அக்காவால் தரையிலிருந்து எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், நாற்காலியைப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் நான்தான் தூக்கிவிட்டேன். 112 கிலோவில் தானாக எழுந்தவள், 85 கிலோவில் எழ முடியவில்லை. கணக்கு இடிக்கிறதே!

"முடி வேற கொத்துக் கொத்தா கொட்டுதுடா. ஆபரேஷன் பண்ணினா அப்படித்தானாம்" என்றாள்.

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு சிஸ்டம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்றால் முதலில் லாக் பார்க்கணும் என்பது தெரியும். மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்.

நோட்டில் இருந்தது

காலையில் ஒரு இட்லி, கொஞ்சம் சாம்பார். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர். மதியம் நாலு ஸ்பூன் ரசம் சாதம், ரெண்டு ஸ்பூன் காய். சாயங்காலம் காபி, ரெண்டு பிஸ்கட். இரவு கேழ்வரகுக் கஞ்சி. நடுவில் இளநீர், ரெண்டு துண்டு பப்பாளி. மூன்று நாளும் ஏறக்குறைய இதேதான்.

எக்செல்லில் போட்டுக் கூட்டினேன். ஒரு நாளைக்குச் சுமார் 550 கலோரி. புரதம் 15 கிராம்கூட வரவில்லை.

இந்த அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு உணவியல் நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்சம் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம். ஆளைப் பொறுத்து 80 வரை போகலாம். அக்கா கால்வாசிகூடச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் கொடுத்த தாளில் "புரதம் அதிகமுள்ள மென்மையான உணவு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. எத்தனை கிராம், எந்த உணவில், எதுவும் இல்லை.

550 கலோரி பிரச்சினை இல்லையா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். குறைவாகச் சாப்பிட வைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கமே. அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ் வகை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும். முதல் சில வாரம் திரவ உணவு, அதில் 400, 500 கலோரி வந்தாலே பெரிது. பிறகு 600 முதல் 800, ஒரு வருடம் நெருங்கும்போது 1000 முதல் 1200 என்று மெதுவாக ஏறும். ஆளுக்கு ஆள் மாறும்.

இந்தப் பற்றாக்குறையை உடம்பு எப்படிச் சமாளிக்கிறது? கொழுப்புதான் கலோரியின் கிடங்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. தினமும் ஆயிரம் கலோரி குறைந்தாலும் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடை குறைவது இப்படித்தான்.

புரதத்துக்கு இப்படி ஒரு கிடங்கு கிடையாது. உடம்பில் இருக்கும் புரதம் எல்லாமே ஏதோ ஒரு வேலையில் இருப்பது: தசை, தோல், நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருட்கள். வெளியிலிருந்து வரவில்லை என்றால் உடம்பு தசையைக் கரைத்து எடுக்கும். விறகு தீர்ந்ததும் ஜன்னல் கதவை உடைத்து அடுப்பில் வைப்பது மாதிரி. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொழுப்பு போனாலும் தசை போனாலும் அது ஒரே மாதிரிதான் இறங்கிக் காட்டும். அக்காவைத் தரையிலிருந்து தூக்க வேண்டிய தொடைத் தசையும் அந்த 27 கிலோவுக்குள் போயிருந்தது.

பசி ஏன் எச்சரிக்கவில்லை?

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு பட்டினிச் சோதனை நடத்தினார். 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம், தினமும் சுமார் 1570 கலோரி. அவர்கள் எப்போதும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆனார்கள். சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடும் அக்கா "பசியே இல்லடா" என்கிறாள்!

ஒரு காரணம் கிரெலின். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பசி ஹார்மோன். இரைப்பையின் மேல் பகுதியில்தான் இது அதிகம் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். அலாரத்தையே கழற்றிவிட்ட மாதிரி. எடை குறைய இது பெரிய உதவி. ஆனால் புரதம் போதவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. பசியை நம்ப முடியாது, எண்ணித்தான் சாப்பிடணும்.

நம் சமையலறையின் கணக்கு

ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம். அறுபது கிராமுக்கு முப்பது இட்லி! வடித்த சாதம் 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவு. ரசத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. "சாம்பார்ல பருப்பு இருக்கே" என்பாள் அக்கா. இருக்கு, ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம்.

இதே 100 கிராமுக்குப் பனீரில் 18, முட்டையில் 13, சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 30 வரை, கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 அல்லது 9. இருக்கும் இடம் 150 மில்லி என்றால் அதில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

அக்கா சைவம், முட்டையும் கிடையாது. அவளுடைய உணவியல் நிபுணரிடம் நோட்டைக் காட்டிப் பேசி முடிவு செய்தது இது. காலையில் 200 மில்லி பாலில் ஒரு அளவு வே புரதப் பொடி, ரெண்டு தடவையாக. அப்புறம் ஒரு இட்லி. பதினோரு மணிக்கு 50 கிராம் பனீர். மதியம் முதலில் சோயா உருண்டைக் கூட்டு, பிறகு இடமிருந்தால் ரெண்டு ஸ்பூன் சாதம். சாயங்காலம் சுண்டல். இரவு துணியில் கட்டி நீர் வடித்த தயிர். கூட்டினால் 60 கிராம் புரதம், கலோரி 850க்குள். தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி கழித்து மடக்கு மடக்காக.

"எடை மறுபடி ஏறிடாதா? எனக்குச் சாப்பிடவே பயமா இருக்குடா" என்றாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவள் இலையை எட்டிப் பார்த்தவர்கள் கொடுத்த பயம் அது. இப்போது குறைவாகச் சாப்பிட்டால் பாராட்டு வேறு. கூடுவது முந்நூறு கலோரிதான், செலவைவிட வரவு இன்னும் குறைவுதான் என்று எக்செல்லில் காட்டின பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

புரதம் மட்டுமே கதை இல்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்பும் பி12-உம் குறைவாக இருந்தன. நிறுத்திவிட்டிருந்த மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்தார்கள். சிகிச்சைக்குப் பின் 3 முதல் 6 மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் அது நீளும். தசையைக் காக்க உடற்பயிற்சியும் வேண்டும். அக்காவுக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, தினமும் பத்து பத்தாக மூன்று தடவை.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சிகிச்சை முடிந்தவருக்கு வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகணும். தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நரம்பைப் பாதிக்கும்.

பொங்கலன்று காலை அக்கா வீடியோ காலில் வந்தாள். எடை இன்னும் 8 கிலோ குறைந்திருக்கிறது. முடி முழுசாகத் திரும்பவில்லை. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "பாருடா" என்று சொல்லிவிட்டு, கோலப்பொடி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால், "எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்னைக்கு எத்தனை கிராம் புரதம்?" என்றும் கேளுங்கள்.