முதுகிலே மூட்டை, நாவிலே தமிழ்!
இடமலைக்குடி முதுவர்களின் மலை வாழ்க்கை

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி வட்டாரத்துச் சரக்குக் கிடங்குகளில் ஏலக்காய் மணம் பழகிப்போன ஒன்று. மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும் சரி, கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் சரி, அது இடுக்கி மலைச் சரக்கு என்று தெரியும். புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலம் போகும் என்பதும் தெரியும். ஆனால் அந்த மலைகளுக்குள்ளே, பஸ் ஏறாத காட்டில், தமிழைப் போன்ற ஒரு பேச்சைப் பேசிக்கொண்டு ஏலம் பயிரிட்டு வாழும் மக்கள் இருப்பதை அறிந்தவர்கள் சிலரே.

அவர்கள் முதுவர்கள். அரசாங்க ஏட்டில் முதுவான் என்று எழுதப்படும் பழங்குடியினர். அவர்களது பஞ்சாயத்தின் பெயர் இடமலைக்குடி.

மதுரையை விட்டு வந்த கதை

தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது முதுவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கண்ணகி மதுரையை எரித்தபோது புறப்பட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். பாண்டியருக்குத் தோல்வி வந்த காலத்தில் புறப்பட்டார்கள் என்று வேறு சிலர் சொல்வார்கள். மீனாட்சி அம்மன் சிலையையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து மலை ஏறியதால் முதுவர் என்ற பெயர் வந்ததாம்.

இது ஏட்டில் ஏறிய சரித்திரம் அல்ல. ஆனாலும் முதுவப் பெண்கள் குழந்தையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று நினைவுக்கு வரும். இவர்களுடைய பேச்சு மலையாளம் கலந்த ஒரு தமிழ். தைப்பொங்கல் இவர்களுக்கு முக்கியமான பண்டிகை. கேழ்வரகு பழைய உணவு. ஏலக்காய்தான் கையில் காசு தரும் பயிர்.

காட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைக்காட்டில் இருக்கிறது இடமலைக்குடி. முன்பு மூணாறு பஞ்சாயத்தின் ஒரு வார்டாக இருந்த இது, 2010-ல் தனிப் பஞ்சாயத்து ஆயிற்று. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்ற பெருமை இதற்கு உண்டு. 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில் இருபதுக்கும் அதிகமான குடிகள் சிதறிக் கிடக்கின்றன. குடிக்கும் குடிக்கும் இடையே ஏற்றம், இறக்கம், ஓடை, யானைத் தடம்.

பஞ்சாயத்து வந்தது. ஆனால் அதன் ஆபீஸ் பல ஆண்டுகள் தேவிகுளத்திலேயே இருந்தது! ஒரு சான்றிதழ் வேண்டுமானால் காட்டை விட்டு இறங்கி, மூணாறு வந்து, அங்கிருந்து தேவிகுளம் போகவேண்டியிருந்தது. "கையெழுத்துப் போட ஆபீசர் இல்லை, நாளைக்கு வா" என்று சொன்னால் நகரத்தில் ஒரு பஸ் கட்டணம் நஷ்டம். இங்கே மறுபடியும் ஒரு காட்டைக் கடக்க வேண்டியிருந்தது.

வழி எப்படி?

கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மூணாறிலிருந்து ராஜமலையைத் தாண்டினால் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டம் அங்கே முடிந்துவிடுகிறது. கேரளத் தமிழர்கள் மறக்க முடியாத பெயர் அது. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

அந்தப் பெட்டிமுடியிலிருந்துதான் இடமலைக்குடிக்குக் காட்டுப்பாதை புறப்படுகிறது. பஞ்சாயத்தின் நடு இடம் போன்ற சொசைட்டிக்குடி வரை ஜீப் போகும். மழை பிடித்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. அதற்கு அப்பாலுள்ள குடிகளுக்குக் கால்தான் வண்டி, முதுகுதான் பாரம் தாங்கும் பலகை.

ரேஷன் அரிசியானாலும், சிமெண்டானாலும், கம்பியானாலும் குடி வரை தூக்கிச் செல்ல வேண்டும். அரசு கொடுக்கும் வீட்டு உதவித்தொகையில் பெரும் பங்கைச் சுமைகூலியே தின்றுவிடுகிறது. கடைத்தெருவில் ஒரு மூட்டையை நூறு அடி சுமப்பதற்கு என்ன கூலி என்று அறிந்த தொழிலாளிக்கு, அதே மூட்டையை மலைமேல் பல மைல் சுமப்பதன் கணக்கு தானாகப் புரியும்.

மஞ்சலில் ஆஸ்பத்திரிப் பயணம்

இன்னும் கொடியது நோயாளியின் நிலை. கம்பளியை ஒரு கழியில் தூளி போலக் கட்டி, அதில் நோயாளியைப் படுக்க வைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள். மஞ்சல் என்பது இதன் பெயர். பிரசவ வேதனையில் இருப்பவளும் இப்படித்தான் வரவேண்டும். 2025-ல் காய்ச்சல் கண்ட ஒரு சிறுவனை இவ்வாறு சுமந்துவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அவன் பிழைக்கவில்லை. அவன் உடலையும் அதே காட்டு வழியாகச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

பெண்களுக்கு வேறொரு பாரமும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் வீட்டை விட்டு விலகி, வாலாய்மைப்புரை என்னும் தனிக் குடிசையில் தங்கவேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தத் தனிமைக்குப் பயந்து பெண்கள் கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கி விலக்கைத் தள்ளிப் போடுவதாகச் செய்திகள் வந்ததுண்டு. மஞ்சலைப் போல இது வெளியே தெரியும் துன்பம் அல்ல.

கட்டுப்பாடும் கல்வியும்

இந்த மக்களைப் பார்த்து இரங்கினால் மட்டும் போதாது, கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. 2020-ல் கொரோனா நாட்டையே உலுக்கியபோது, வெளியார் யாரும் வரக்கூடாது என்று ஊர்க்கூட்டம் கட்டுப்பாடு விதித்தது. சாமான் வாங்கக் குடிக்கு ஓரிருவரே இறங்கினார்கள். திரும்பியதும் தனித்து இருந்தார்கள். 2021 ஜூலை வரை அங்கே ஒருவருக்கும் நோய் பதிவாகவில்லை. பெரிய நகரங்களால் முடியாத காரியம் அது.

இருப்புக்கல்லுக் குடியில் தேநீர்க் கடை வைத்திருந்த சின்னத்தம்பி என்ற முதியவர் தம் கடையிலேயே ஒரு நூலகம் நடத்தினார். முரளீதரன் என்ற ஆசிரியர் அவருக்குத் துணை. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் எழுதிய பிறகு வெளியுலகம் அதை அறிந்தது. மொத்தம் 160 புத்தகங்கள். சேருவதற்கு 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றில் ஒன்று. மதுரைக் கதை சொல்லும் மக்களிடம் கண்ணகியின் காவியம் மலையாளத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது!

பிள்ளைகளின் சங்கடமும் இதுவே. வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் மலையாளம். முதல் வகுப்பிலேயே தடுக்கி விழும் குழந்தை, பிறகு பள்ளிப் பக்கம் தலைகாட்டத் தயங்குகிறது. கொச்சியில் குடியேறிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்தச் சங்கடத்தை அறிவார்கள்.

வந்தவையும் வரவேண்டியவையும்

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. 2017-ல் நிலத்தடிக் கேபிள் வழியாக மின்சாரம் எட்டிப் பார்த்தது. 2023-ல் செல்பேசிக் கோபுரம் வந்தது. பெட்டிமுடிப் பாதைக்குக் காங்கிரீட் போடும் வேலையும் தொடங்கியது. 2024 பாராளுமன்றத் தேர்தலின்போது, படுக்கையில் கிடந்த 92 வயது முதியவர் ஒருவரின் ஒரே ஓட்டைப் பெறுவதற்காக அதிகாரிகள் காட்டுக்குள் 18 கிலோமீட்டர் நடந்து போனார்கள். மெச்சத்தக்க கடமையுணர்ச்சி!

பசிபிக் கடலில் உள்ள பப்புவா நியூகினியின் மலைநாட்டில், சாலை இல்லாத கிராமங்களுக்குச் சிறு விமானம்தான் போக்குவரத்து என்று கேள்விப்பட்டு வியப்பவர்கள் உண்டு. அது கடல் கடந்த தேசம். இடமலைக்குடி இருப்பதோ கொச்சிக்குப் பக்கத்து மாவட்டத்தில்!

ஓட்டுப் பெட்டி போன வழியில் டாக்டரும் தவறாமல் போகவேண்டும். கடைசிக் குடி வரை நல்ல பாதை வேண்டும். குழந்தைக்குப் புரியும் பேச்சில் முதல் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் வேண்டும். முதுவர்கள் கேட்பது சலுகை அல்ல. முன்னோர் பாரத்தை முதுகில் ஏற்றினார்கள். பேரப்பிள்ளைகளின் முதுகிலிருந்தாவது அதை இறக்கி வைக்கக் கேட்கிறார்கள்.