பேசும் கிளி வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த 30 வருஷக் கணக்கைப் பாருங்க



"சார், சம்பளம் 45,000. ரூம்ல தனியா இருக்கேன். பேசுற கிளி ஒண்ணு வாங்கலாம்னு ஆசை. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டு வாங்கலாமா?"

போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார். நிறைய பேர் சிரிச்சு வச்சிருந்தீங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா, இதை நான் டைப் பண்ற நேரத்துல என் முதுகுக்குப் பின்னாடி ஒரு கிளி, "சாப்டாச்சா கண்ணு?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அது என் மாமாவோட குரல். மாமா தவறி ஒரு வருஷம் ஆகுது.

அதனால இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் வேண்டாம். கிளிக் கணக்கு பார்ப்போம்.

மாமா செஞ்ச முதலீடு

கோயம்புத்தூர்ல மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னாடியே வீடு. 2014-ல 38,000 ரூபாய் கொடுத்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சு ஒண்ணு வாங்கினார். பேரு மிட்டு. ஒண்ணரை வருஷத்துல பேச ஆரம்பிச்சுது. குக்கர் விசில், காலிங் பெல், அத்தையோட இருமல் எல்லாம் அப்படியே வரும். கடையில க்யூஆர் ஸ்பீக்கர் வச்ச பிறகு, "ரூபாய் பெறப்பட்டது"ன்னும் சொல்லப் பழகிடுச்சு. பணமே வராம மாமா ரெண்டு தடவை பொருளைக் கொடுத்து அனுப்பியிருக்கார்!

கிளிகளுக்கு நம்மைப் போலக் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழாயின் அடியில் இருக்கும் ஒலிப்பை என்ற உறுப்பால்தான் சத்தம் எழுப்புகின்றன. ஆனா வெறும் ஒப்பிக்கிற ஜீவன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர், 1977-ல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியோடு 30 வருஷம் வேலை செஞ்சாங்க. அது 100 வார்த்தைக்கு மேல கத்துக்கிட்டு, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொன்னது. இவ்வளவு புத்தி உள்ள பறவையைக் காலை 8 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் பூட்டின ரூம்ல விட்டா என்ன ஆகும்? தன் இறகைத் தானே பிடுங்கிக்கும். விடியக்காலையில கத்துற கத்துல ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடுவார்.

சட்டம் என்ன சொல்லுது?

இதை நல்லா கவனிங்க. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கவே கூடாது. தாத்தா காலத்துல வளர்த்தாங்க, ஜோசியக்காரர் வச்சிருக்கார்ங்கிறதெல்லாம் சட்டத்துக்கு முன்னாடி நிக்காது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும் சேர்ந்து கிடைக்கலாம்.

சாம்பல் கிளி வெளிநாட்டு இனம். அதோட சர்வதேச வர்த்தகத்துக்கு 2016-ல் மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவர முடிவானது. இந்தியாவில் 2024-ம் வருஷ விதிகளின்படி, இப்படிப்பட்ட பறவை கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யணும். "பில் எல்லாம் வேண்டாம் தம்பி, பணமா கொடுங்க"ன்னு கடைக்காரர் சொன்னா, அங்கிருந்து கிளம்பிடுங்க.

விலை சின்னது, செலவு பெருசு

மிட்டு இப்போ எங்க வீட்ல இருக்கு. பழம், காய், பருப்பு, பறவைத் தீவனம் மாசம் 1,800. கடிச்சுப் போடற பொம்மை, மரக்கட்டைக்கு 700. பறவை டாக்டருக்காக 1,000 தனியா எடுத்து வைக்கிறேன். மொத்தம் 3,500. வருஷத்துக்கு 42,000.

இவ்வளவுதானான்னு தோணும். ஆனா சாம்பல் கிளி நல்லா பார்த்துக்கிட்டா 40, 50 வருஷம் வாழக்கூடியது. மிட்டுவுக்கு 11 வயசுதான் ஆச்சு. இன்னும் 30 வருஷம்னு வச்சுக்குவோம். விலைவாசி வருஷம் 6% ஏறினா, மொத்தச் செலவு சுமார் 33 லட்சம். வரி போக 7% கிடைக்கிற இடத்துல இன்னைக்கே பணம் போட்டு வைக்கணும்னா, 10 லட்சத்துக்கு மேல வேணும். என் ஹோம் லோனே 20 வருஷம்தாங்க!

இதுல வராத செலவும் உண்டு. நான்ஸ்டிக் பாத்திரம் ரொம்ப சூடானா வர்ற புகை கிளியைக் கொன்னுடும். அதனால எல்லாத்தையும் மாத்தினோம். சாக்லேட், அவகாடோ ரெண்டும் அதுக்கு விஷம். ஊருக்குப் போகணும்னா பார்த்துக்க ஆள் வேணும். தினமும் ரெண்டு மூணு மணி நேரம் அதோட இருக்கணும். அந்த நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு.

நான் செய்யத் தவறியது

மாமாவோட வருமான வரிக் கணக்கை எட்டு வருஷம் நான்தான் தாக்கல் செஞ்சேன். எஃப்டி, இன்ஷூரன்ஸ், டீமேட் எல்லாத்துக்கும் நாமினி போட வச்சேன். உயில் எழுத வச்சேன். 2024-ல மிட்டுவைப் பதிவு செஞ்சு கொடுத்ததும் நான்தான். ஆனா "மாமா, உங்களுக்கு அப்புறம் இதை யார் பார்த்துக்குவாங்க?"ன்னு ஒரு தடவைகூடக் கேட்கலை.

63 வயசுல மாரடைப்பு. காரியம் முடிஞ்ச மூணாவது வாரம் மிட்டு நெஞ்சு இறகை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தது. அத்தைக்கு மூட்டுவலி, குனிஞ்சு கூண்டு கழுவ முடியாது. பையன் கனடாவுல. சொந்தக்காரங்க ஒருத்தர், "திறந்து விட்டுடலாம், புண்ணியம்"னார். கூண்டுலயே வளர்ந்த வெளிநாட்டுப் பறவை வெளியே எப்படிப் பிழைக்கும்? இன்னொருத்தர் விலை பேசினார். அப்போ அத்தை ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "அவர் குரல் இதுகிட்ட மட்டும்தான் இருக்கு கண்ணு."

மறுநாள் நானும் என் மனைவியும் போய்த் தூக்கிட்டு வந்துட்டோம். 30 நாளுக்குள் என் பேர்ல பதிவும் செஞ்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவாங்க. கூண்டு பக்கத்துல உட்கார்ந்து ரொம்ப நேரம் எதுவும் பேச மாட்டாங்க. மிட்டுதான் பேசும். இறகு பாதிக்கு மேல திரும்ப முளைச்சிருக்கு.

இனி உங்க முடிவு

கிளி பேருக்குச் சொத்து எழுத முடியாது, நாமினியாகவும் போட முடியாது. ஆனா யார் பார்த்துக்கணும், அதுக்காக அவருக்கு எவ்வளவு பணம்னு உயில்ல எழுதலாம். என் உயில்ல எழுதிட்டேன். எழுதுறதுக்கு முன்னாடி என் தங்கச்சிகிட்ட சம்மதமும் வாங்கிட்டேன்.

ஆகவே தம்பி, உங்களுக்கு என் பதில்: இப்போ வேண்டாம். இஎம்ஐ-ல நிச்சயமா வேண்டாம். முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் சேருங்க. அடுத்த அஞ்சு வருஷம் எந்த ஊர்ல இருப்பீங்க, வீட்ல யார் இருப்பாங்கன்னு தெளிவாகட்டும். இப்பவே மாசம் 3,500-ஐ ஒரு ஆர்டி-ல போட்டுப் பாருங்க. ஒரு வருஷம் விடாம போட முடிஞ்சா, கையில 42,000 ரூபாயும் வட்டியும் இருக்கும். அதுக்கப்புறமும் ஆசை குறையலைன்னா, மறுபடியும் எனக்கு எழுதுங்க. சேர்ந்து கணக்கு போடலாம்.

அதுவரைக்கும் ராத்திரி ரூமுக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "சாப்டியா?"ன்னு கேட்க அங்கே ஆள் இருக்காங்க.

அடுத்த வீடியோவில் சந்திப்போம்.