ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது யார்?

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே அட்ரசின் களைக்கொல்லி தெளிப்பது நம் விவசாயிகள் பலருக்கும் பழக்கமான வேலை. அந்த மருந்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியின் கதையை விவசாயப் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது.

அட்ரசின் தவளைகளைப் பாதிக்கிறதா என்று ஆராயும் பணி, 1990களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டைரோன் ஹேய்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவை ஏற்றது அம்மருந்தைத் தயாரித்த கம்பெனி. முடிவை வெளியிடுவது தள்ளிப் போடப்படுகிறது என்று கருதிய ஹேய்ஸ், 2000-ல் விலகினார். வேறு நிதியைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்து 2002-ல் வெளியிட்டார். 10,000 லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் அட்ரசின் இருந்தாலே ஆண் தவளைகள் சிலவற்றின் உடலில் சினைப்பைத் திசு உண்டாகிறது என்றார்.

கம்பெனி இதை மறுத்தது. அதன் செலவில் நடந்த சோதனைகளில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. அவற்றையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, பாதிப்பு இல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-ல் முடிவு செய்தது.

கம்பெனி பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியெல்லாம் பொய் என்பதல்ல. நாங்களும் கட்டணம் பெற்றுப் புதிய மருந்துகளைச் சோதித்துத் தருகிறோம். ஆனால் பணம் கொடுப்பவரே எதை வெளியிடலாம் என்றும் முடிவு செய்தால், அவருக்குச் சாதகமானது மட்டுமே வெளியே வரும்.

இது எனக்கே நேர்ந்தது. ஒரு கம்பெனியின் வளர்ச்சி ஊக்கியை நெல்லில் மூன்று திடல்களில் சோதித்தோம். ஒன்றில் மட்டுமே மகசூல் கூடியது. கம்பெனி அச்சிட்ட நோட்டீசில் அந்த ஒரு திடலின் கணக்குதான் இருந்தது. கீழே என் பெயர். நான் அப்போது மறுத்து எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

எனவே நோட்டீசில் மகசூல் கணக்கைப் பார்த்தால் இவற்றைக் கேளுங்கள்:

1. சோதனைச் செலவு யாருடையது?
2. எத்தனை இடங்களில், எத்தனை பருவங்களில் சோதித்தார்கள்?
3. மருந்து இடாத பாத்தியில் மகசூல் எவ்வளவு?
4. பலன் தராத திடல்களின் கணக்கு எங்கே?

பதில் திருப்தியாக இல்லையென்றால் வயல் முழுவதும் இட வேண்டாம். 5 சென்ட்டில் இட்டு, பக்கத்திலேயே 5 சென்ட்டை இடாமல் விடுங்கள். இரண்டையும் தனித்தனியே அறுத்து எடை போடுங்கள். அந்தக் கணக்கைப் பக்கத்து வயல்காரருக்கும் உங்கள் வேளாண் அலுவலருக்கும் காட்டுங்கள்.