சோம்பலும் அயர்ச்சியும்

தமிழிலே சோம்பல் வேறு, அயர்ச்சி வேறு. செய்ய வல்லவன் செய்ய மனங்கொள்ளாமை சோம்பல். செய்ய மனங்கொண்டவனுக்கு உடல் இடங்கொடாமை அயர்ச்சி. முன்னதை மடி எனக் கூறி, அதனைக் கடிதற்கென்றே மடியின்மை என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். நோய்க்கோ மருந்து என வேறோர் அதிகாரம் அமைத்தார். நூலிலே தெளிவாகக் கிடக்கும் இவ்வேறுபாடு நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மறக்கப்படுகின்றது. அம்மறதியால் வருந்துவோருள் ஒரு சாரார் குடல் அழற்சி நோயாளர்.

அழல் என்பது நெருப்பு. அழற்சி அதனடியாகப் பிறந்த சொல். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே குடலின்மீது திரும்பி அதனைப் புண்படுத்துவது இந்நோயின் இயல்பு. இஃது இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது ஒன்று. வாய் முதலாகக் குதம் ஈறாக எவ்விடத்தும் தோன்றக்கூடியது மற்றொன்று. நியூயோர்க் நகரத்து வைத்தியர் குரோனும் அவர்தம் துணைவர் இருவரும் 1932 ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதினமையால் குரோன் நோய் எனப்படுகின்றது. இவை மேனாட்டாருக்கே உரியன என்று ஒருகாலத்திற் கருதப்பட்டன. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நிகழ்ந்து 2010 இல் வெளிவந்த ஆய்வோ, இலட்சம் பேருக்கு முதல்வகை 5.3, இரண்டாம் வகை 1.2 எனக் கணக்கிட்டது. எண் சிறிதே. எனினும், பெரும்பாலும் இளமையில் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடரும் நோய் இது.

புத்தளத்துக் கரையோரத்தில் என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இந்நோய் இருந்தது. கரைவலைத் தொழிற் குடும்பத்தவன். வயிற்றோட்டமும் குருதிப்போக்கும் மருந்தால் அடங்கிய பின்னும், மேசையிற் சாய்ந்தே கிடப்பான். “ஐயா, இரவு முழுதும் நித்திரை கொண்டாலும், கொள்ளாதவன் போலத்தான் எழும்புகிறேன்” என்றான் ஒருநாள். வீட்டார் அவனைச் சோம்பேறி என்றனர். நாளடைவில் அவனும் அப்பெயரைத் தானே ஏற்றுக்கொண்டு, படிப்பை விட்டுவிட முனைந்தான். நோய் தந்த துன்பத்தினும் பெயர் தந்த துன்பம் பெரிதாயிற்று.

இவ்வயர்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. குருதி இழப்பால் இரும்புச்சத்துக் குறையும். சிறுகுடலின் கடைப்பகுதி பழுதுற்றால் பி12 உயிர்ச்சத்தை உடல் ஏற்காது. அழற்சியின்போது சுரக்கும் பொருள்கள் மூளையையும் தாக்கிச் சோர்வை விளைக்கும். இரவில் பலமுறை எழுவதாற் துயில் கெடும். சில மருந்துகளும் துயிலைக் கெடுக்கும். நோய் அடங்கியிருக்குங் காலத்திலும் பலரை இது விடுவதில்லை. ஆதலின் முதற்கண் வேண்டுவது குருதிச் சோதனையும் வைத்தியரின் ஆராய்வுமே, அறிவுரையன்று. அம்மாணவனுக்கும் இரும்புச்சத்துக் குறைவு கண்டறியப்பட்டது.

காணத்தக்க குறைகளைத் தீர்த்தபின்னும் எஞ்சும் அயர்ச்சிக்கே உளத்துணை பயன்படுகின்றது. உளத்துணை என்றதும் நோய் வெறும் மனப்பிரமை என்று சொல்வதாக நினைத்தல் தவறு. எந்நேரத்தில் வலிமை மிகுகின்றது, எச்செயல் அதனைக் கவர்கின்றது என நாட்குறிப்பிற் பதிதல், முற்றும் தளர்வதற்கு முன்பே ஓய்தல், உறங்கும் நேரத்தை ஒழுங்குசெய்தல், “நான் பயனற்றவன்” என்னும் எண்ணத்தை எடுத்து ஆராய்தல் ஆகியன இதன் கூறுகள். வலிமையுள்ள நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுநாள் வீழ்ந்து கிடப்பதே இந்நோயாளரை வருத்தும் சுழல். உடப்புக் கரையிலே வலையிழுப்போர் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. அம்பாப் பாட்டின் ஓசைக்கு இயைய இழுத்து, சற்றே தளர்த்தி, மீண்டும் இழுப்பர். அவர்களை எவரும் சோம்பேறி என்னார். தன் தந்தை வலையிழுக்கும் முறையிலேயே தானும் படிக்கலாம் என்பதை அம்மாணவன் எளிதில் விளங்கிக்கொண்டான். அரைமணி படிப்பு, பின் ஓய்வு என வகுத்துக்கொண்டு பரீட்சையும் எழுதினான்.

இம்முறைகளை மிகைப்படுத்திப் புகழ்தலும் தகாது. இந்நோயாளரின் அயர்ச்சிக்கான சிகிச்சைகளைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பாய்வு 2020 இல் வெளிவந்தது. எம்முறை உறுதியாகப் பயன்தரும் என்று கூறுதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை என்பதே அதன் முடிவு. ஆயினும் நோயாளனைச் சோம்பேறி என்று பழியாதிருத்தற்கு எந்தச் சான்றும் வேண்டுவதில்லை.

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்பது வள்ளுவர் வகுப்பு: நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன். முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை, மறப்பது நான்காமவனையே. வீட்டிலே தாய் தந்தையரும், பாடசாலையிலே ஆசிரியரும் அவ்விடத்தில் நிற்கவேண்டியவர்கள். அத்தகைய மாணவன் கேளாமலே மலசலகூடத்துக்கு எழுந்து செல்ல இசைவளித்தல், கதவருகே இருக்கை தருதல், ஒப்படையைச் சிறு சிறு பகுதிகளாக்கிக் கொடுத்தல், மனந்தளர்வு மிகின் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்குக் கூறுதல் ஆகிய இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்றுண்டு: அயர்ந்தவனை அயர்ந்தவன் என்றே அழைத்தல். சொல்லைப் பொருளறிந்து வழங்குதல் தமிழாசிரியர்க்கு இலக்கணக் கடமை மாத்திரமன்று.