ஐந்து பர்மிட்டுகளின் கதை

நாலைந்து பஸ்களை வைத்து நடத்தும் ஒரு சிறிய கம்பெனிக்கு முக்கியமான சொத்து எது? பஸ்கள்தாம் என்று நம்மில் பெரும்பாலோர் சொல்லிவிடுவோம். முதலாளியைக் கேட்டாலோ, பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டுவார். அதுதான் 'ரூட் பர்மிட்'. அப்படிப்பட்ட ஐந்து பர்மிட்டுகளுக்காகப் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் மூண்ட விவகாரம், டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது.

நன்னிலத்திற்கு மாயவரம்–திருவாரூர் ரயில் உண்டு. ஆனால் தண்டவாளத்தை விட்டு விலகிய கிராமங்களுக்கு மோட்டார் பஸ்ஸே கதி. கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் சாலை, நன்னிலம் தாலுகாவைச் சேர்ந்த கொல்லுமாங்குடி, பேரளம் வழியாகப் போகிறது. 1954 வரையில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. கடைவீதிக்கும், கோர்ட்டுக்கும், கோயிலுக்கும் போகிற ஜனங்களுக்குக் குறைவில்லாத இந்த மார்க்கத்தின் மீது பஸ் முதலாளிகளுக்கு ஆசை இருந்ததில் வியப்பென்ன?

1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இந்த ஆசைக்கு ஒரு கடிவாளம் போட்டது. பர்மிட் இல்லாமல் பஸ் ஓட்டக் கூடாது. அதன் ஆயுளோ மூன்று முதல் ஐந்து வருஷம். பர்மிட் கொடுக்கும் அதிகாரிகள் பொதுஜன நன்மையைக் கவனிக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது.

கும்பகோணம்–காரைக்கால் மார்க்கத்தின் ஐந்து பர்மிட்டுகள் முதலில் வேறொருவர் பெயரில் இருந்தன. பின்னர் பொறையாறு சத்தி விலாஸ் பஸ் சர்வீஸும், கும்பகோணம் ராமன் அண்டு ராமன் கம்பெனியும் அவற்றுக்குப் போட்டியிட்டன. பஸ்களை வாங்கிய உரிமை பற்றிச் சிவில் கோர்ட்டில் ஒரு வழக்கு. பர்மிட் பற்றிப் போக்குவரத்து அதிகாரிகளிடமும் சர்க்காரிடமும் அப்பீல்கள். முடிவில் சென்னை ஹைக்கோர்ட்டு, பர்மிட்டுகளை ராமன் அண்டு ராமனுக்கே கொடுக்கும்படி உத்தரவிட்டது.

1952 மார்ச் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்தது. பஸ் யாருடையது என்பது வேறு, பர்மிட் யாருக்கு என்பது வேறு. பர்மிட் பற்றிய குறைகளுக்கு மோட்டார் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கிறது. ரிட் அதிகாரத்தைக் கொண்டு ஹைக்கோர்ட்டு தன்னை அப்பீல் கோர்ட்டாக மாற்றிக் கொள்ளலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். புதிய அரசியல் சட்டத்துக்கு அப்போது வயது இரண்டு. ரிட் அதிகாரத்தின் எல்லை பற்றிப் பேசும் வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டும் வழக்கு இது.

வென்றவருக்கும் தோற்றவருக்கும் காலம் ஒரு பாடம் வைத்திருந்தது. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. ராமன் அண்டு ராமன் பஸ்கள் சர்க்கார் வசமாயின.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. முதலாளிகள் வாதாடினார்கள், அதிகாரிகள் உத்தரவிட்டார்கள், நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் மூட்டையும் குழந்தையுமாகக் காத்து நின்ற பிரயாணி மட்டும் அந்த வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. ஆனால் சட்டம் முதலில் நினைத்தது அவரைத்தான். பஸ் யாருடையதானாலும், அதை நினைவில் வைப்பது நம் கடமையல்லவா?