மொட்டைமாடி மின்சாரம் – 6: மேல்படியிலிருந்து வெட்டும் வெயில்

சோலார் போட்ட பிறகு வந்த முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா போன் செய்தார். "ஏண்டா, ஆப்புல 720 யூனிட் உற்பத்தின்னு காட்டுது. பில்லுல ஏற்றுமதி 450தான் போட்டிருக்கான். மிச்சம் 270 எங்க போச்சு?"

"உங்க வீட்டுலதான் செலவாச்சு, சித்தப்பா."

பலருக்கும் இடறுவது இங்கேதான். இருவழி மீட்டர் வீட்டு வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும்தான் எண்ணும். பகலில் பேனல் தரும் கரண்ட், ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும்தான் முதலில் போகும். அது மீட்டரைத் தொடுவதே இல்லை. மிஞ்சுவது வெளியே போய் ஏற்றுமதியாகப் பதிவாகும்.

சித்தப்பா வீட்டில் இரண்டு மாதச் செலவு 800 யூனிட். நேரடியாக 270 போக, வெளியிலிருந்து வாங்கியது 530. அதில் ஏற்றுமதி 450-ஐக் கழித்தால் 80. முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்குக் காசில்லை.

சந்தோஷப்பட்டார். நான்தான் கொஞ்சம் கெடுத்தேன்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பர் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். பிறகு விலை கூடியதே தவிர ஏணி மாறவில்லை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.50 ரூபாய், அடுத்த நூறுக்கு 6, அதற்கடுத்த நூறுக்கு 8, பிறகு 800 வரை 9 ரூபாய். சோலார் இல்லாமல் 800 யூனிட்டுக்கு 4,550 ரூபாய் ஆகியிருக்கும். நெட் மீட்டரிங்கில் கழிப்பது மேல்படியிலிருந்துதான். அதனால் வெயிலின் முதல் யூனிட் 9 ரூபாய் பெறும். கடைசி யூனிட் ஒன்றுமே பெறாது.

ஒரு கிலோவாட் தினமும் சுமார் 4 யூனிட் தரும், 60 நாளில் 240. முதல் கிலோவாட் பில்லை 2,430-க்கு இறக்கும். மிச்சம் 2,120 ரூபாய். இரண்டாவது 765-க்கு இறக்கும்; மிச்சம் 1,665. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: 500-க்குள் வந்துவிட்டால் 101 முதல் 200 வரை 2.25 ரூபாய்தான். அந்தக் கோட்டைத் தாண்டி இறங்குவதே ஒரு லாபம். சித்தப்பா போட்ட மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 765 மட்டுமே. நெட்வொர்க் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

மத்திய அரசின் சூர்ய கர் திட்ட மானியமும் இதே வழியில்தான் போகிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் போட்டால் கைக்காசு.

"அப்போ ரெண்டு கிலோவாட்டே போதுமா இருந்திருக்கும்ங்கிற?"

இன்றைய செலவுக்குப் போதும் என்றேன். ஆனால் சித்தி மாடி அறைக்கு ஏசி கேட்டு இரண்டு கோடை ஆகிறது. அது வந்துவிட்டால் அந்த மூன்றாவது கிலோவாட்டும் மேல்படியை வெட்டப் போய்விடும்.

(தொடரும்)