டேங்க் 60 லிட்டர், பில் 75 லிட்டர்

அலுவலக ஜீப் ஒரு பொலிரோ. அதன் டேங்க் 60 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் எரிபொருள் அட்டையின் மாதக் கணக்கில், அதே வண்டிக்கு ஒரே முறையில் 75 லிட்டர் டீசல் போட்டதாக ஒரு வரி இருக்கும். எழுத்தர் அதைக் கோப்பில் சேர்த்திருப்பார், கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்டிருப்பார், அலுவலர் கையெழுத்திட்டுப் பணமும் போயிருக்கும். ஒன்றிரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கைக் குழு வந்து அந்த வரியைச் சுழித்த பிறகுதான் அலுவலகம் பதறும். பதறி என்ன செய்வார்கள்? டிரைவருக்கு ஒரு குறிப்பாணை கொடுப்பார்கள். துறை வேறு, ஊர் வேறு, கதை மட்டும் இதேதான்.

இண்டென்ட் சீட்டும் கூப்பனும் பல அலுவலகங்களில் இன்னும் ஓடுகின்றன. அட்டைக்கு மாறிய இடங்களில் வழக்கமாகக் கண்ணில் படுபவை பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் அட்டைகள்: இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ். அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதன் கீழே வண்டிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு பின் நம்பர். எந்த வண்டி, எந்த பங்க், எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு ரூபாய் என்று எல்லாம் பதிவாகும். அட்டை வந்தவுடன் திருட்டு ஒழிந்தது என்று நினைத்தவர்கள் மறந்த ஒன்று உண்டு: அந்தப் பதிவை மாதாமாதம் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்க ஆளில்லாத அலுவலகத்தில் அட்டையும் கூப்பனும் ஒன்றுதான்.

அலட்சியம் எப்படி எல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அட்டை உறையின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் பின் நம்பர். 'தினமும் எடுத்துப் போவானேன்' என்று அட்டையை பங்க்கிலேயே விட்டுவைப்பது. ஐந்து வண்டிக்கும் ஒரே அட்டையைச் சுற்றில் விடுவது; இதைச் செய்துவிட்டால் எந்த வண்டி எவ்வளவு குடித்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மெஷின் மீட்டர் ரீடிங் கேட்டால் 1111 என்று அடித்துத் தள்ளுவது. ஜெனரேட்டருக்கு என்று சொல்லி கேனில் பிடித்துவிட்டு, ஜீப் கணக்கில் எழுதுவது. ஜெனரேட்டருக்குத் தனி அட்டையும் தனிப் பதிவேடும் வையுங்கள். கேனில் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் அலுவலரின் எழுத்து அனுமதி இருக்கட்டும்.

மார்ச் மாதக் கூத்து இவற்றை எல்லாம் மிஞ்சும். ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று பயந்து, எண்ணெய் போடாமலேயே பெரிய தொகையை ஸ்வைப் செய்துவிட்டு, 'ஏப்ரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம்' என்று பங்க் மேனேஜரிடம் வாய்ச்சொல்லில் ஒப்பந்தம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 62(3), நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பதையே நிதி ஒழுங்கு மீறல் என்கிறது. இங்கே நடப்பது அதைவிட ஒரு படி மேல்: வாங்காத பொருளுக்குப் பில். மேனேஜர் மாறிப்போனால் அந்தப் பணம் யாருடையது? கேட்கவே வழியில்லை, ஏனென்றால் காகிதப்படி நீங்கள் டீசலைப் போட்டு முடித்துவிட்டீர்கள்.

கழிவு செய்த வண்டிகளின் அட்டைகள் இன்னொரு தலைவலி. 15 ஆண்டைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் பல அலுவலகங்களில் பழைய ஜீப்புகள் ஓரங்கட்டப்பட்டன. வண்டி ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்க, அதன் அட்டை யாரோ ஒருவர் மேசை டிராயரில் உயிரோடு இருக்கிறது. வண்டியைக் கழிவு செய்யும் கோப்பிலேயே, அட்டையை முடக்கிய கடிதத்தின் நகலும் எண்ணெய் நிறுவனத்தின் பதிலும் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் கோப்பை மூடாதீர்கள்.

கணக்கு யார் செல்போனில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பதிவு செய்த கைபேசி எண், முன்பிருந்த அலுவலருடைய சொந்த எண்ணாக இருக்கும். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், ஓடிபி மட்டும் அவருக்கே போகிறது. சில அலுவலகங்களில் அது டிரைவருடைய எண். அலுவலகத்துக்கென்று ஒரு சிம் வாங்குங்கள், பொறுப்பு ஒப்படைக்கும் சான்றில் அட்டைகளின் பட்டியலையும் அந்த சிம்மையும் சேருங்கள். பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் பொறுப்பேற்ற அன்றே மாற்றுங்கள். அட்டையில் சேரும் பாயின்ட்டுகளும் அரசுப் பணம்தான். அவை எப்போது, எதற்காகக் கழிக்கப்பட்டன என்று பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்ததும் சிலர் முகம் மாறும். மாறட்டும்.

அடுத்தது வரம்பு. நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று அட்டைவாரியாக இணையக் கணக்கிலேயே வைக்கலாம். 60 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்கு, அன்றைய விலையில் 60 லிட்டருக்கு மேல் ஒரு நாளில் எதற்கு? வெள்ளம், தேர்தல் போன்ற வேலைகளுக்கு உயர்த்த வேண்டுமென்றால் உயர்த்துங்கள், உத்தரவு எண்ணைக் குறித்துக்கொண்டு உயர்த்துங்கள், வேலை முடிந்ததும் இறக்குங்கள். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இனி மாதாந்திரச் சரிபார்ப்பு. மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் மூன்று காகிதங்களை ஒரே மேசையில் வையுங்கள்: அட்டைக் கணக்கு அறிக்கை, வண்டியின் லாக் புக், பங்க் மெஷினில் வந்த ரசீதுகள். அறிக்கையை டிரைவரோ பில் போடும் எழுத்தரோ எடுத்துத் தரக் கூடாது, அலுவலரே இணையத்தில் இறக்க வேண்டும். பிறகு வரிவரியாகப் பாருங்கள். ஞாயிறு இரவு 11 மணிக்கு டீசல் போட்டதாக இருந்தால், அந்த நேரம் லாக் புக்கில் வண்டி எங்கே இருக்கிறது? திண்டிவனம் பங்க்கில் ஸ்வைப் ஆனபோது லாக் புக் வண்டியை விருத்தாசலத்தில் காட்டுகிறதா? ரசீதில் உள்ள லிட்டரை அன்றைய விலையால் பெருக்கினால் தொகை சரியாக வருகிறதா? 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல், டீசல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாற்றத்துக்கு உரியது. ஆகவே ரசீதில் உள்ள தேதியும் விலையும் பொருந்தாவிட்டால், ஸ்வைப் ஒரு நாள், எண்ணெய் வேறொரு நாள் என்ற சந்தேகம் எழ வேண்டும்.

கே.எம்.பி.எல். (லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர்) கணக்குக்கு ஒரே ஒழுங்கான வழி, மாதத்தின் முதல் நாள் டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறிப்பது, அடுத்த மாதம் முதல் நாள் மறுபடி நிரப்பிக் குறிப்பது. இடையில் ஓடிய கிலோமீட்டரை, முதல் நிரப்பலுக்குப் பிறகு போட்ட மொத்த லிட்டரால் வகுத்தால் உண்மை வெளியே வரும். மாதாமாதம் தசம புள்ளி மாறாமல் ஒரே மைலேஜ் வருகிறது என்றால் மகிழாதீர்கள். அந்த லாக் புக்கை யாரோ கால்குலேட்டரை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மீட்டர் பழுது என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதையும் ஏற்காதீர்கள். அரசு தானியங்கிப் பணிமனைக்கு எழுதிய கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

அட்டை தொலைந்தால் முதலில் அலுவலகம் முழுக்கத் தேடுவார்கள், பிறகு பங்க்கில் விசாரிப்பார்கள், மூன்றாம் நாள் கோப்பு எழுதுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அந்த நிமிடமே இணையக் கணக்கில் அட்டையை முடக்குங்கள், அட்டை நிறுவனத்தின் உதவி எண்ணில் புகார் எண் வாங்குங்கள், அதே நாள் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முடக்கும் வரை நடந்த செலவு அட்டை வைத்திருப்பவர் பொறுப்பு என்பதுதான் இத்தகைய அட்டைகளின் வழக்கமான நிபந்தனை. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போனில் யாரோ பேசி ஓடிபி வாங்கிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அழையுங்கள்.

உங்கள் அட்டையை வழங்கியது வங்கியா, எண்ணெய் நிறுவனமா என்று அட்டையின் பின்புறம் பாருங்கள், ஏனென்றால் போகிற வாசல் வேறு. வங்கி அட்டை என்றால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி உதவும்: உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நட்டம் உங்களுடையதல்ல. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனுக்கு இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். ஆனால் பின் நம்பரை உறையில் எழுதி வைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது அவருடைய கவனக்குறைவு, தெரிவிக்கும் வரை நட்டமும் அவருடையது. மறுபடியும் சொல்கிறேன்: உறையில் எழுதாதீர்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் பங்க் ஆளிடம் சண்டை போடுவதில் பயனில்லை. முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. ஐந்து லிட்டரில் 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், தமிழ்நாட்டில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எடை அளவுச் சட்டத்தை இங்கே அமல்படுத்துவது தொழிலாளர் துறை. இது தெரியாமல் கலெக்டர் அலுவலக மனுப்பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

டிரைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைசியில் மாட்டுபவர்கள் நீங்கள். 'ஐயா வீட்டுக் காருக்கு இதிலேயே போட்டுடுப்பா' என்று வாய்மொழியாக வரும் உத்தரவுக்கு எழுத்தில் ஒரு வரி கேளுங்கள். தர மாட்டார்கள். அப்படியானால் போடாதீர்கள். ஒவ்வொரு ரசீதையும் போட்டோ எடுத்து வையுங்கள். மெஷின் தாளில் உள்ள எழுத்து சில மாதத்தில் வெளிறிவிடும். பயணம் முடிந்த அன்றே லாக் புக்கில் அலுவலரின் கையெழுத்து வாங்குங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக வாங்காதீர்கள். குறிப்பாணை வந்தால் அது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஏ)-வா, 17(பி)-யா என்று பாருங்கள். 17(ஏ)-விலேயே நட்டத்தைச் சம்பளத்தில் பிடிக்க முடியும், 17(பி)-யில் வேலையே போகலாம். பதில் எழுதும் முன் அட்டைக் கணக்கு அறிக்கையையும் லாக் புக்கையும் பார்வையிட எழுத்தில் அனுமதி கேளுங்கள். பயத்தில் 'தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்காதீர்கள். அரசு ஊழியரிடம் ஒப்படைத்த சொத்தைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5)-ம் பிரிவின் கீழ் குற்றம். அதற்கான ஒப்புதல் வாக்குமூலம்போல உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள்.

பொதுமக்களுக்கு உள்ள கருவி தகவல் உரிமைச் சட்டம் 2005. தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 'ஊழல் நடக்கிறதா?' என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஒரே நிதியாண்டை எடுத்துக்கொண்டு, வண்டி எண்வாரியாக மாதந்தோறும் போட்ட லிட்டர், ஓடிய கிலோமீட்டர், அட்டைக் கணக்கு அறிக்கையின் நகல், கழிவு செய்த வண்டிகளின் அட்டை முடக்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். லாக் புக்கை நகலாகக் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும்; பிரிவு 2(ஜே)-யின் கீழ் நேரில் பார்வையிடக் கேட்டு, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் வாங்குங்கள். பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி, இது தனிப்பட்ட தகவல் என்று தட்டிக்கழிப்பார்கள். ஆகையால் மனுவிலேயே, பெயர்கள் தேவையில்லை, பிரிவு 10-ன்படி அவற்றை மறைத்துவிட்டு மற்றதைத் தரவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். மத்திய அரசு அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையம். கையில் ஆவணம் வந்த பிறகு, முறைகேடு தெரிந்தால், லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நகல்களோடு பெயர் போட்டுப் புகார் கொடுங்கள், மொட்டைக் கடிதம் போடாதீர்கள். எந்தத் தேதி, எந்த வண்டி, டேங்க் எவ்வளவு, பில் எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மற்றவை இணைப்பில் இருக்கட்டும்.